வீடு தவறாமல் அழைத்த சாரதாமணி

சாரதாமணிக்கு அந்த வேலை கிடைத்தது அவளுடைய கண்ணுக்காக. பதினொரு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். டேபிளில் விரித்த பனியனை ஒரு தரம் புரட்டினால் போதும், ஓட்டை எங்கே, எண்ணெய்க்கறை எங்கே என்று சொல்லிவிடுவாள். அதோடு விடமாட்டாள். பண்டிலில் தொங்கும் சீட்டைப் பிடித்துக்கொண்டு தைத்தவன் யார், வெட்டியவன் யார் என்று பின்னாலேயே போவாள். ஒருமுறை அப்படிப் போய்ப் போய்க் கடைசியில் நூல் வாங்கியவர் முன்னால் நின்றாள். நூல் வாங்கியவர் முதலாளியின் மச்சான். மறுநாளிலிருந்து அவளுக்கு வேலை இல்லை.

இது தொண்ணூற்றைந்தில். அப்போதுதான் எய்ட்ஸ் தடுப்பு வேலைக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் திருப்பூரில் ஆபீஸ் போட்டது. ஒருவர் ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்தால், அவர் யார் யாரோடு பழகினாரோ அவர்களைத் தேடிப் போக வேண்டும். 'உங்களுக்கும் இருக்கலாம், வந்து டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று காதும் காதும் வைத்த மாதிரி சொல்லிவிட்டு வர வேண்டும். வேலை அவ்வளவுதான். பனியனுக்குப் பின்னால் போனவள் மனுஷருக்குப் பின்னால் போக மாட்டாளா என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆபீசில் திட்ட அலுவலர் திருமூர்த்தி. தெற்கேயிருந்து வந்த நல்ல மனிதர், ஆனால் பாரம் பூர்த்தி செய்யாமல் தும்மக்கூட மாட்டார். அவர் முதல் நாளே மூன்று விதிகளைச் சொன்னார். சேதியைச் சம்பந்தப்பட்டவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக்கூடாது. யார் மூலமாக இந்தச் சேதி வந்தது என்று சம்பந்தப்பட்டவரிடமும் சொல்லக்கூடாது. சேதியை ரகசியமாகச் சொல்லியாகிவிட்டது என்பதற்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

"ரகசியம்னா பக்கத்தூட்டுக்காரங்க எப்படீங்க சார் கையெழுத்துப் போடுவாங்க?" என்று சாரதாமணி கேட்டாள்.

"நீங்க போகாமலே போனதா எழுதிட்டா என்னம்மா செய்ய? சாட்சி வேணும்லா" என்றார் திருமூர்த்தி.

வண்டியும் கொடுத்தார்கள். ஒரு மொபெட். முன் மட்கார்டில் சிவப்பு எழுத்தில் 'எய்ட்ஸ் தடுப்புத் திட்டம்' என்று பெயின்ட் அடித்திருந்தது. ரகசியம் சொல்லப் போகிறவளுக்கு இதைவிட நல்ல வண்டி வேறு எங்கே கிடைக்கும்!

முதல் மாதமே வினை வந்தது. மயிலாள் என்று ஒரு டெய்லர் பெண், தனியாகக் குடியிருந்தவள். அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே போய், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தாள் சாரதாமணி. வெளியே வந்தால் தெருவே மட்கார்டைப் படித்துக்கொண்டிருந்தது. மறுநாள் குழாயடியில் மயிலாளின் குடத்தை யாரும் தொடவில்லை. அந்த வாரமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். டெஸ்டில் மயிலாளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அதைச் சொல்லலாமென்று போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மயிலாள் எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாரதாமணி இரண்டு நாள் சோறு தின்னவில்லை. ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆனால்கூட அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

அதற்குப் பிறகு வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினாள். அதோடு தனக்கென்று ஒரு விதியும் போட்டுக்கொண்டாள். ஒரு வீட்டுக்குப் போவதாயிருந்தால் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். ஆனால் என்னவென்று சொல்லிப் போவது? ஓட்டர் லிஸ்ட் என்றாள். பேர் சேர்க்கச் சொல்லி அத்தனை பேரும் மனுவோடு துரத்தினார்கள். கொசு மருந்து என்றாள். மருந்து எங்கே என்றார்கள்.

கடைசியில் வழி அவள் கைக்குள்ளேயே இருந்தது. ஒரு தாம்பாளத்தில் குங்குமச் சிமிழும் வெற்றிலை பாக்கும் வைத்துக்கொண்டு, "எங்கூட்டுல விசேசமுங்க, நீங்கெல்லாம் வந்து நடத்திக் கொடுக்கோணும்" என்று வாசலில் நின்றால் கொங்கு நாட்டில் கேள்வியே கிடையாது. உள்ளே வரச்சொல்லி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அழைக்க வந்தவளைப் பார்த்து "நீங்க ஆருங்க?" என்று கேட்கிற அளவுக்கு மரியாதை கெட்டவர் இந்தப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு உறவாக, ஒறம்பரையாக இருக்கும் என்று ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொள்ளும். ஒரு வீடு விட்டால்தான் தப்பு. வீடு தவறாமல் போவதுதான் முறை. சேதி உள்ள வீட்டில் மட்டும் குங்குமம் வைக்கிற சாக்கில் இரண்டு நிமிஷம் கூடுதலாகப் பேசிவிட்டு வந்துவிடுவாள்.

மண்டபம் தூரத்தில் என்பாள். நாள் புதன்கிழமை என்பாள். ஷிப்மென்ட் நேரத்தில் புதன்கிழமை லீவு போட்டுக்கொண்டு விசேஷத்துக்குப் போகிறவர் திருப்பூரில் யார்? ஒன்றரை வருஷத்தில் அவளுக்குப் பிறக்காத மகளுக்கு ஒன்பது முறை பூப்புச் சீர் நடந்தது. கையெழுத்து கேட்டால், வந்து அழைத்ததற்கு அடையாளம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போட்டார்கள். திருமூர்த்தி பாரங்களைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

தொண்ணூற்றேழு மாசியில் வீரன் வந்தான். வீரன் கட்டிங் மாஸ்டர். கம்பெனி வேலையாகப் பம்பாய்க்கு அடிக்கடி போய்வந்தவன். கார்த்திகையிலேயே அவனுக்குக் கிருமி இருப்பது தெரிந்துவிட்டது. மனைவியிடம் நீயே சொல்லிவிடு என்று ஆஸ்பத்திரியில் மாதாமாதம் சொல்லிப் பார்த்தார்கள். அவன் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டான். மாலை போட்டவன் மனைவியை நெருங்க வேண்டியதில்லை அல்லவா? அது கழன்றதும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு மாலை. அது கழன்றதும் பங்குனி உத்திரத்துக்கு. அவன் குடியிருந்த, ஒரே வரிசையில் பத்துக் குடித்தனம் கொண்ட லைன் வீடே அவனைச் சாமி சாமி என்று கும்பிட்டது.

"இதுக்கு மேல போடறதுக்குச் சாமி இல்லீங்கக்கா" என்று சாரதாமணியிடம் அழுதான் வீரன். "பங்குனி உத்திரத்துக்கு மூணு வாரந்தானுங்க இருக்குது. அவ நாள் எண்ணிட்டு இருக்கறா. கலியாணமாயி நாலு வருசம், கொழந்தை வேணுங்கறா. எனக்கு வாய் வரலீங்க. நீங்க சொல்லிப்போடுங்க. என்ற பேரு மட்டும் வேண்டாமுங்க. லைன்ல தெரிஞ்சா முத்தாத்தா ரண்டு பேரையும் அன்னைக்கே தெருவுல நிறுத்திப்போடுவாங்க."

அது சும்மா சொன்ன பேச்சில்லை. முத்தாத்தாள் அந்த லைன் வீட்டுச் சொந்தக்காரி. பத்துக் குடித்தனத்துக்குத் தலைமாட்டில் தன் வீடு. வாசலில் உட்கார்ந்தால் பத்துக் கதவும் தெரியும். 'அந்த நோவுக்காரங்க' யாராவது இருந்தால் பாத்திரத்தோடு வெளியே என்று அவள் எப்போதோ சொல்லிவைத்துவிட்டாள். ஆக, மூன்று வாரத்துக்குள் வீரனின் மனைவி செல்லாத்தாளுக்கு விஷயம் தெரிய வேண்டும், லைனில் வேறு யாருக்கும் தெரியக்கூடாது. இதுதான் சாரதாமணியின் தலையில் விழுந்த பாரம்.

தாம்பாளத்தோடு போனாள். முத்தாத்தாள் சும்மா இருந்தால்தானே.

"என்ன விசேசமுங்க அம்மிணி?"

"மகளுக்குச் சீருங்க. புதங்கெழமைங்க."

"மாசியில, அதுவும் வளர்பிறையை உட்டுப்போட்டு, ஆருங்க சீரு வெப்பாங்க?"

சாரதாமணிக்கு நாக்கு புரண்டது. ஒன்பது லைனில் யாரும் கேட்காத கேள்வி. "சீரு பொறவுங்க... இப்ப கெடா வெட்டுங்க. முனியப்பனுக்கு. முதலிபாளையம் பக்கமுங்க."

"கெடாயா! என்னைக்குங்க?"

கெடா என்றால் ஞாயிறு. வாய் தானாகவே சொல்லிவிட்டது. ஞாயிறு திருப்பூருக்கே லீவு.

அதோடு போகவில்லை. "அழைக்க வந்தவிங்களைத் தனியா உடறதுங்களா?" என்று முத்தாத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். பத்து வீட்டுக்கும் முன்னால் அவள், பின்னால் தாம்பாளம். செல்லாத்தாள் வீட்டிலும் பக்கத்திலேயே நின்றாள். செல்லாத்தாளுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். குங்குமம் வைத்துக்கொண்டு, "முனியப்பங்கோயல்ல தொட்டில் கட்டற மரம் இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்வதைத் தவிர சாரதாமணியால் வேறு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இனி கெடா வெட்டியே ஆக வேண்டும். வெட்டாவிட்டால், பொய் சொல்லிக்கொண்டு வந்தவள் யார், எதற்கு வந்தாள், எந்த வீட்டுக்காக வந்தாள் என்று முத்தாத்தாள் தோண்டிவிடுவாள். வெட்டினால் செல்லாத்தாளைத் தனியே பிடிக்க இன்னொரு வாய்ப்பு.

திருமூர்த்தியிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "கெடா நம்ம திட்டத்துல இல்லையேம்மா. விழிப்புணர்வு முகாம்னு போடலாம். ஆனா பேனர் கட்டி போட்டோ எடுக்கணும்."

"பேனர்ல என்னுங்க எழுதுவீங்க?"

"எய்ட்ஸை ஒழிப்போம்னுதான்."

சாரதாமணி கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் ஒரு கெடா இருந்தது. அவள் புருஷன் கிட்டுசாமி சாயப்பட்டறைக்காரர். அடுத்த வருஷம் அவிநாசிப் பக்கம் குலசாமிக்கு என்று அவர் நேர்ந்து வளர்த்த கெடா அது.

"அதை இந்த ஞாயித்துக்கெழமை வெட்டோணுமுங்க."

"எதுக்குப் புள்ள?"

"சொல்லக்கூடாதுங்க."

"ஆரு வர்றாங்க?"

"அதுவும் சொல்லக்கூடாதுங்க."

கிட்டுசாமி கொஞ்ச நேரம் கெடாயைப் பார்த்தார், கொஞ்ச நேரம் மனைவியைப் பார்த்தார். "எதுக்கு வெட்டறம்னு தெரியாமெ கெடா வெட்டறவன் நான் ஒருத்தனாத்தான் இருக்கோணும். கெடாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். ஆனாலும் வெட்டினார். அந்த மனிதருக்கு ஒரு மெடல் கொடுத்திருக்க வேண்டும், யாரும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மினிவேன் நிறைய முத்தாத்தாளும் பத்துக் குடித்தனத்துப் பெண்களும் பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்கினார்கள். ஆண்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நின்றுவிட்டார்கள். பொங்கல் வைத்தார்கள், கெடா வெட்டினார்கள், வெங்காயம் உரித்தார்கள். மாலை போட்ட வீடு என்பதால் செல்லாத்தாளுக்கு மட்டும் தனியாகத் தக்காளி ரசம் வைத்தார்கள்.

மசாலா அரைத்துக்கொண்டிருந்த இடத்தில் முதல் பெண் வந்து பக்கத்தில் குந்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, அது எனக்குத்தானுங்களே?" என்றாள்.

"எது கண்ணு?"

"நீங்க ஆசுபத்திரிக்காரிதானுங்களே. மயிலா குடியிருந்த தெருவுல எங்க சித்தி இருக்குதுங்க, நான் உங்களைப் பாத்திருக்கறனுங்க. நான் ஆருகிட்டயும் சொல்லலீங்க. எங்கூட்டுக்காரரு லாரியில போறவருங்க. எனக்குத்தானுங்களே?"

சாரதாமணியின் கை அம்மியிலேயே நின்றுவிட்டது. 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தவள் சட்டென்று மூடிக்கொண்டாள். இவளுக்கு இல்லை என்றால் மிச்சம் ஒன்பது. அடுத்தவளும் கேட்டு, இல்லை என்றால் எட்டு. அப்படியே கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் செல்லாத்தாள் தனியே நிற்பாள்.

"செவ்வாக்கெழமை ஆசுபத்திரிக்கு வந்து டெஸ்ட் எடுத்துப்போடு கண்ணு" என்றாள்.

அரிசி களைகிற இடத்தில் இரண்டாவது பெண். விறகு எடுக்கப் போன இடத்தில் மூன்றாவது. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் அடையாளம் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம் இருந்தது. புருஷன் வாரம் ஒருமுறை ஊருக்குப் போகிறான். புருஷன் ஊருக்கே போவதில்லை. சட்டையில் மல்லிகை வாசம். சட்டையில் சோப்பு வாசம். "எனக்குத்தானுங்களே?" "எனக்குத்தானுங்களே?" இத்தனை நாள் இவர்கள் இதையா நெஞ்சில் வைத்துக்கொண்டு ஓவர்லாக் மிஷின் ஓட்டினார்கள்? எல்லோருக்கும் சாரதாமணி ஒரே பதில்தான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை, டெஸ்ட்.

குழம்பு கொதிக்கும்போது முத்தாத்தாளே வந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நெசத்தைச் சொல்லுங்க அம்மிணி. பத்தூட்டுக்கும் சும்மாதானுங்களே போனீங்க? சேதி எனக்குத்தானுங்களே?" என்றாள்.

அந்த அம்மாளுக்கு அறுபது வயது. புருஷனுக்கு அறுபத்தெட்டு. சாரதாமணி சிரிக்கவில்லை. "செவ்வாக்கெழமை வாங்கம்மா" என்றாள்.

இப்படிப் பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள். கேட்காதவள் செல்லாத்தாள் ஒருத்திதான். அவள் கோயில் பின்னாலிருந்த வேப்பமரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த மரத்தில் அதற்கு முன் யாரும் தொட்டில் கட்டியதில்லை. சாரதாமணி போனதும் அவளே பேச்சை எடுத்தாள்.

"அக்கா, எல்லாரும் வந்து வந்து உங்ககிட்ட ஏதோ கேக்கறாங்களே. நீங்க ஆசுபத்திரின்னு காதுல உழுந்துதுங்க. பாவம், அது எந்தூட்டுக்குங்க? சொல்லக்கூடாதுன்னா சொல்லாதீங்க. எனக்கு அந்தப் பயமில்லீங்க. எங்கூட்டுக்காரரு மூணு மாசமா மாலையில இருக்கறாருங்க."

சாரதாமணிக்குச் சொல்லாமல் திரும்பிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் சொன்னாள். விதிப்படி, வார்த்தை பிசகாமல் சொன்னாள். அந்த நோவு உள்ள ஒருத்தர் மூலமாக உனக்கும் வந்திருக்கலாம் கண்ணு. வராமலும் இருக்கலாம். டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். அதுவரைக்கும் குழந்தைப் பேச்சு வேண்டாம். அந்த ஒருத்தர் யார் என்று நான் சொல்லக்கூடாது.

செல்லாத்தாள் முடிச்சுப் போட்ட கையை எடுக்காமல் நின்றாள்.

"பேரு சொல்லமாட்டீங்களா?"

"கூடாது கண்ணு."

"என்ற வாழ்க்கையில எத்தனை பேரு இருக்கறாங்கன்னுங்கக்கா நெனைச்சீங்க?"

இந்த விதியை எழுதியவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஒரே ஒருவனை மட்டும் தெரிந்த பெண்ணிடம் பேரை மறைத்துச் சேதி சொல்வது எப்படி என்று அவர்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

செல்லாத்தாள் தொட்டிலை அவிழ்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டாள். நேரே போய்ப் பந்தியில் முத்தாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரசம் இன்னொரு கரண்டி ஊத்துங்கக்கா, நல்லாருக்குது" என்று சத்தமாகக் கேட்டாள். அன்று பந்தியில் யாரும் அழவில்லை என்பதற்கு எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் கையெழுத்து வாங்கியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் பதினொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பஸ்ஸில் வந்தவர்கள்தான். ஆனால் ஒருவரையொருவர் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டார்கள். ஒருத்திக்குப் பல்வலி, ஒருத்திக்குக் கண்ணில் தூசி. முத்தாத்தாள் பிரஷர் பார்க்க வந்திருந்தாள். பதினொரு பேரும் ஒரே கதவுக்குள் போய், ஒரே இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த லைனில் யாரையும் காலி செய்யச் சொல்ல முத்தாத்தாளுக்கு வாய் எழவில்லை.

அடுத்த செவ்வாய் முடிவு வந்தது. மற்றவர்களுடையது அவரவர் சமாச்சாரம், அதை இங்கே சொல்வதற்கில்லை. செல்லாத்தாளுக்கு ஒன்றுமில்லை. வீரன் விலகி மூன்று மாதம் தாண்டிவிட்டதால் இதை நம்பலாம் என்று டாக்டரே சொன்னார். சாரதாமணிக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. செல்லாத்தாள் காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அவரு எங்கிட்ட இன்னும் ஒண்ணுஞ் சொல்லலீங்க. நானுங் கேக்கலீங்க. உங்களுக்குச் சேதி சொல்றதுதானுங்களே வேலை? எனக்கொரு சேதி சொல்லோணுமுங்க."

"சொல்லு கண்ணு."

"அவருகிட்டப் போயி, உங்களோட பழகுன ஒரு பொம்பளை டெஸ்ட் எடுத்தா, அவளுக்கு நோவு இல்லைன்னு வந்திருக்குதுன்னு சொல்லுங்க. எந்தப் பொம்பளைன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. பேரு சொல்லக்கூடாதில்லீங்க?"

மறுநாள் டீ நேரத்தில் சாரதாமணி வீரனின் கம்பெனி வாசலுக்குப் போனாள். அவனைத் தனியே கூப்பிட்டு, செல்லாத்தாள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"எந்தப் பொம்பளைங்கக்கா?" என்றான் வீரன்.

"பேரு சொல்லக்கூடாதுங்க தம்பி."

வீரன் மாலையை உருட்டிக்கொண்டே யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். ஒரு விரலை மடக்கினான். பிறகு இன்னொரு விரலை மடக்கினான். மூன்றாவது விரலுக்கு அவன் போவதற்குள் சாரதாமணி இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்த மொபெட்டை நோக்கி நடந்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அடித்திருப்பாள்.